இன்னொரு கோட்டிங்

பெயிண்டருக்கு முகக்கவசம் மாட்டுவதில் சிரமமே இருந்ததில்லை. கழற்றுவதில்தான் எல்லாச் சிரமமும்.

நினைவு மங்கியவர்களை வைத்துக்கொண்டிருந்த மற்ற வீடுகளில் இதற்கு நேர்மாறு. மாட்டிய கணமே பிய்த்தெறிந்தார்கள், நாடாவைக் கடித்தார்கள், ஒருவர் அதைப் பை என்று நினைத்துச் சில்லறை போட்டு மடியில் செருகிக்கொண்டதாகவும் கேள்வி. பெயிண்டர் அப்படி இல்லை. கையில் கொடுத்ததும் மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்துவார். காதுப் பட்டையைச் சரி செய்வார். ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுப் பார்த்து, "ம்" என்பார். கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தே தலை நரைத்த மனிதர். மனைவியின் பெயர் போய்விட்டது, மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது போய்விட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூடப் போய்விட்டது. அந்த "ம்" மட்டும் இருந்தது. மாட்டிக்கொண்டால் வேலையில் இருக்கிறார் என்று பொருள். பேச மாட்டார், எழுந்திருக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி, இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் காற்றைத் தடவிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கையில் இல்லாத ஸ்பிரே கன்னின் விசையை விட்டு விட்டுப் பிடிக்கிற ஆள்காட்டி விரல் தவறவே தவறாது.

கழற்றினால் வேலை முடிந்தது. பட்டறையில் அதுதான் முறை. மாஸ்க்கைக் கழற்று, கையைக் கழுவு, பையை எடு, வீட்டுக்குப் போ. ஆகவே சாப்பிடுவதற்காக அதைக் கழற்றிய மறுநிமிடம் எழுந்து, குழாயில் கை கழுவி, இல்லாத பையைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நடப்பார்.

"எங்கங்க போறீங்க?"

"வீட்டுக்கு. நேரமாச்சு. வீட்ல தேடுவாங்க."

"இதுதாங்க வீடு."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். மரியாதைக்காகப் பார்க்கிற பார்வை. "நல்லாருக்கும்மா உங்க வீடு. நான் வரேன்."

அவருடைய மனைவியை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேல்தளத்தில் குடியிருந்தவள். கீழ்தளத்தில் தையல்காரி. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவோடு இருந்தாள். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் விழுந்துபோய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொற்று வருவதற்கு முன்னால் பெயிண்டரும் வாத்தியாரும் ஒரே வேனில் பகல் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் கொண்டுபோய் வைத்திருந்து, சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற இடம். அந்த நேரத்தில் மாடியக்கா ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போவாள். இரண்டு பெண்களும் வேன் வரும்போது வாசலில் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

பிறகு எல்லாம் மூடப்பட்டது. பகல் வீட்டின் வேன் தெருமுனையில் நின்றபடியே கிடந்தது. அதன் கூரையில் இலைகள் விழுந்து மட்கி, மழை பெய்து, அதில் புல் முளைத்தது.

அந்தப் புல் வளர்ந்த காலத்தில்தான் அவர்கள் இருவரும் அக்கா தங்கை ஆனார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதலில் ஒருநாள் தையல்காரிக்கு அப்பாவைத் தூக்கிப் படுக்கையில் போட ஆள் தேவைப்பட்டது. மாடியக்கா வந்து தூக்கினாள். தலையணை உறைக்குள் பழந்துணி திணித்து அவர் முதுகுக்கு முட்டுக் கொடுக்கவும் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வாரம் பெயிண்டர் இரவெல்லாம் தூங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்ததில் மாடியக்கா காலையில் படியில் சாய்ந்து நின்றாள். தையல்காரி அவளைப் பார்த்துவிட்டு, "இவரை இங்க உட்கார வெச்சுட்டு நீ உள்ள போய்ப் படுக்கா," என்றாள். அன்றைக்குத்தான் "நீங்க" போய் "நீ" வந்தது.

அப்படியே ஒரு முறை பிறந்துவிட்டது. காலையில் மாடியக்கா பெயிண்டரோடு கீழே வந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வாள். கஞ்சி ஊட்டி, முகம் துடைத்து, வாத்தியாரின் கோணிப்போன கையை நீட்டி மடக்கிவிடுவாள். தையல்காரி அதற்குள் முகக்கவசங்களை வெட்டிக் குவிப்பாள். அந்தக் காலத்தில் வேறு எதைத் தைப்பது. மதியம் சாப்பிட்ட பிறகு முறை மாறும். தையல்காரி மிஷினில் உட்கார்ந்தபடி இருவரையும் கவனித்துக்கொள்வாள். மாடியக்கா உள்ளறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வாள்.

அந்தத் தூக்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது. புதுத்துணியின் கஞ்சி வாசனை, மிஷின் ஓடுகிற சத்தம், நடுவில் நின்று நூல் அறுக்கிற சின்ன மௌனம், மறுபடி ஓட்டம். அவள் வாழ்க்கையில் அவளுக்காக வேறொருத்தி விழித்திருந்தது அதுதான் முதல்முறை. கல்யாணத்துக்கு முன்னால் தம்பிகளுக்காக, பிறகு மகனுக்காக, இப்போது இவருக்காக என்று எப்போதும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள். அந்த மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்கினாள்.

ஒரு மதியம் அவள் விழித்து வெளியே வந்தபோது பெயிண்டர் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாஸ்க் பக்கத்தில் ஸ்டூல்மேல் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்.

"என்னடி பண்ணின இவரை?"

"இன்னொரு கோட்டிங் இருக்குன்னு சொன்னேன்," என்றாள் தையல்காரி நூலைப் பல்லில் கடித்தபடி. "மொதல் கோட்டிங் காயட்டும்னு உட்கார்ந்திருக்காரு. கடைக்கு ஷட்டர் பெயிண்ட் அடிக்கிறப்ப பாத்திருக்கேன். ஒண்ணு அடிச்சுட்டு பீடி பிடிச்சுட்டே உட்கார்ந்திருப்பானுங்க. ஏன்டா போகலைன்னா, காயணும்க்கான்னு சொல்லுவானுங்க."

பெயிண்டர் திரும்பி, "சத்தமா பேசாதீங்கம்மா. தூசி கெளம்பும்," என்றார்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடி, மூட்டைகளில் முகம் புதைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது மாடியக்காவுக்கு எங்கோ ஒரு முள் தைத்தாற்போல இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் நான், இந்தச் சாவி இவள் கையில் கிடைத்திருக்கிறதே என்று. ஆனால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். யார் கையில் கிடைத்தால் என்ன, பூட்டுத் திறந்தால் போதாதா.

கட்டுப்பாடுகளைத் தளர்த்தப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு மழைக்காலம் முழுவதும் வந்து வந்து போனது. கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின, திரையரங்குகூடத் திறந்தது. பகல் வீடு மட்டும் திறக்கவில்லை. "படம் பாக்கறவனுக்கு வராத நோவு, பாயில கெடக்கறவனுக்குத்தான் வருமாம்," என்றாள் தையல்காரி. கடைசியில் பகல் வீட்டு சிஸ்டரே போன் செய்தாள். வருகிற திங்கட்கிழமை திறக்கிறார்கள். ஆனால் பாதிப் பேர்தான். வேனில் ஒரு சீட் விட்டு ஒரு சீட். இந்தத் தெருவுக்கு இப்போதைக்கு ஒரே ஒரு இடம். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாள்.

அதே வாரம் சலவைக்கூடத்து மேஸ்திரியும் கூப்பிட்டார். "ரூமெல்லாம் திறந்துட்டாங்கம்மா. பழைய ஆளுங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆள் போட்டுக்குவேன், கோச்சுக்காத."

மாடியக்கா அன்று காலை கீழே வந்து கேரட் நறுக்க உட்கார்ந்தவள் நறுக்காமலே உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி சொன்னதிலிருந்து அவளுக்கு அந்தக் கூடத்தின் வெக்கை நினைவில் வந்துகொண்டே இருந்தது. பெரிய உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் ஆவி பறக்க வெளியே வரும். காது அடைக்கிற இரைச்சலில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. யாராலும் கூப்பிட முடியாத ஓர் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கூலி அதற்கு அடுத்ததுதான்.

"ஒரு இடம்தானாம்," என்றாள்.

தையல்காரி கத்தரிக்கோலை வைத்தாள். "அதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க. பெயிண்டர் போகட்டும்."

"வாத்தியார்?"

"அவர் எங்க ஓடிடப் போறாரு. உட்கார வெச்ச இடத்துல உட்கார்ந்திருக்காரு. நான் வீட்டுலயே தைக்கிறவ. உன்னைத்தான வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"இல்ல, பொய்யா சொல்றேன். கேரட்டை நறுக்கு."

மாடியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான், அந்தக் கை அவள் கைக்குள் சும்மா இருந்தது என்பது ஞாபகம் வந்தது. திருப்பிப் பிடிக்கவில்லை. அப்போது அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

"சிஸ்டர் வர்றதுக்குள்ள உன் ஆளுக்குக் கொஞ்சம் பட்டி டிங்கரிங் பாத்து நிறுத்திடு," என்றாள் தையல்காரி. "கழட்டினா கெளம்புவாருன்னு நீயா வாயைக் கொடுத்து மாட்டிக்காத. போய்ப் பழகட்டும். அப்புறம் வித்தையைச் சொல்லிக்கலாம்."

அந்த யோசனையைச் சொன்னதும் அவள்தான்.

சிஸ்டர் வந்த அன்று மாடிவீட்டில் பெயிண்டர் சவரம் செய்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையில், முகக்கவசத்துடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் தள்ளியே நின்றாள். அவளுக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம். "கதவு திறந்தே இருக்கட்டும்மா. காத்தோட்டம் வேணும்," என்றாள்.

பெயிண்டர் எழுந்தார். மாடியக்காவுக்கு உயிர் போய் வந்தது. அவர் நடந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தூசி விழும்," என்றார்.

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "என்ன தூசி?"

"ஈரத்துல விழுந்தா அவ்ளோதான். மொத்தமும் தேய்ச்சு எடுக்கணும்."

"நாள் பூரா இப்படியே உட்கார்ந்திருப்பாரா?"

"இப்படியேதான் சிஸ்டர். மாஸ்க்கோடயே பொறந்தவர் மாதிரி."

"பரவாயில்லையே. எங்ககிட்ட இருக்கவங்களுக்கெல்லாம் இவரைக் கொண்டு பாடம் நடத்தலாம் போல." சிஸ்டர் இன்னும் கொஞ்சம் கேட்டாள். தூக்கம், சிறுநீர், கோபம். மாடியக்கா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். ஒன்றைத் தவிர. அதை சிஸ்டர் கேட்கவும் இல்லை.

பிறகு சிஸ்டர் படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனாள். அங்கேயும் ஒருமுறை பார்த்தாக வேண்டுமாம். படிக்கட்டின் வழியே டீ டம்ளர்களின் சத்தமும் சிரிப்பும் மேலே வந்தன. நம்மைப் பற்றி நல்லபடியாக இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தபடி மாடியக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகம் கூசியது.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் அவளை நேரில் வரச்சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாற்றுச் சட்டை, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் மாடியக்கா போனாள். முன்பும் இப்படித்தான் முதல் நாளே கொண்டுபோய் வைப்பது வழக்கம்.

பகல் வீட்டின் கூடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நீள மேசை இல்லை. நாற்காலிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், பரீட்சை ஹால் போலக் கிடந்தன. தரையில் ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் மஞ்சள் டேப்பில் கட்டம். வாசல் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து, மூடிவிடாதபடி கல் வைத்திருந்தது. கதவுக்கு அப்பால் நாலு எட்டில் லாரிகள் போகிற சாலை.

"உட்காருங்கம்மா," என்றாள் சிஸ்டர். "இப்போதைக்கு உங்க தெருவுலேருந்து வாத்தியாரை எடுத்துக்கறோம்."

மாடியக்கா சிரித்தாள். ஆள் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தாள். "பெயிண்டர், சிஸ்டர்."

"இல்லம்மா. வாத்தியார். மாஸ்க்கைக் கழட்டினா உங்க வீட்டுக்காரர் வெளிய போயிடுவாராமே. நீங்க சொல்லவே இல்ல."

கூடத்தில் யாரோ ஈரத்துணியால் நாற்காலிக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வாடை மூக்கில் ஏறியது.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்னம்மா. நெஜமா இல்லையா?"

"போவாரு. ஆனா ஒரு வார்த்தை சொன்னா உட்கார்ந்துடுவாரு. இன்னொரு கோட்டிங் இருக்குன்னு சொன்னாப் போதும். காயறதுக்குக் காத்துட்டிருப்பாரு. வேணும்னா கூட்டிட்டு வரேன், உங்க கண்ணு முன்னாடியே…"

"அதை யாரும் சொல்லலையே," என்றாள் சிஸ்டர்.

முதல் பாதியைச் சொன்னவளுக்கு இரண்டாவது பாதி தெரியாமலா இருக்கும்? அதைக் கண்டுபிடித்தவளே அவள்தானே.

சிஸ்டர் கடுமையானவள் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். அன்னிக்கு மறைச்சீங்க. இன்னிக்கு மாட்டினதும் மந்திரம் இருக்குங்கறீங்க. எதைம்மா நம்பறது? முன்னாடி கதவைப் பூட்டி வெச்சிருப்போம், கவலை இல்ல. இப்ப காத்து வரணும், திறந்தே வைக்கணும்னு உத்தரவு. வேலைக்கும் பாதி ஆளுங்கதான். சாப்பாட்டு நேரத்துல எழுந்து ரோட்டுக்குப் போயிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்? அடுத்த தடவை தளர்த்தறப்போ மொத ஆளா எடுத்துக்கறேன்."

"எப்ப தளர்த்துவாங்க?"

"அது மேலேருந்து வரணும்."

பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. அவள் ஒதுங்கவில்லை. நடக்க நடக்க, தனக்குக் கோபம் வரவில்லையே என்று பார்த்தாள். வந்தது வேறொன்று. சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவருக்கு எந்தப் பக்கத்துக் காது மந்தம், எந்த நிறச் சட்டையைக் கண்டால் மிரளுவார், குளிக்க எப்படிச் சம்மதிக்க வைப்பது, அழுதால் எந்தத் தோளைத் தட்டுவது. புருஷனைப் பற்றி ஒருத்தியிடம் இதற்குமேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அரிவாளும் கொடுத்துக் கழுத்தும் கொடுத்த கதையாக.

தையல்காரி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடங்களும் திறக்கப்போகின்றன. நீலத்துணி தரையெல்லாம். பெயிண்டர் சுவரோரம் மாஸ்க்குடன் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார். வாத்தியார் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நனைஞ்சுட்டு வந்திருக்க. துண்டு எடுத்துக்கோ," என்றாள் தையல்காரி தலை நிமிராமல்.

"சிஸ்டர்கிட்ட என்ன சொன்ன?"

மிஷின் இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது. "கேட்டாங்க. மேல இருக்கவர் எப்படி, நீங்கதான கூடப் பாத்துக்கறீங்கன்னு. சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"இருக்கறதைச் சொன்னேன். கழட்டினா கெளம்பிடுவாருன்னு. அதுல பொய் இருக்கா?"

"பொய் சொல்லியிருந்தாத் தேவலை. இல்லைன்னு நிரூபிச்சிட்டு வந்திருப்பேன்." மாடியக்காவின் குரல் உயர்ந்தது. "கெளம்பிடுவாருன்னு சொன்ன வாய், உட்கார வைக்கத் தெரியும்னும் சொல்லியிருக்கலாம்ல. நீ கண்டுபிடிச்சதுதான அது. என்கிட்ட மறைக்கச் சொன்னதும் நீ. அங்க போட்டுக் கொடுத்ததும் நீ."

தையல்காரி நீலத்துணியின் தையலை நகத்தால் நீவினாள். "அவங்க அதைக் கேக்கல."

"ஏன்டி, கேட்டாத்தான் சொல்லுவியா? கூட இருந்தே குழி பறிக்கறதுன்னா இதுதான்."

"சத்தம் போடக்கூடாது," என்றார் வாத்தியார் ஜன்னலைப் பார்த்தபடியே. "பரீட்சை நடக்குது."

இருவரும் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு வருஷத்துப் பழக்கம். அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்தது. வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் ரகசியம் பேசிக்கொள்கிற இரண்டு சிநேகிதிகள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"உனக்கு அந்த இடம் வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாம்."

"எனக்கு வேணும்னு உனக்குத் தோணிச்சா? போகட்டும்னு சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டியே தவிர, நீ என்னடி பண்ணுவன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான சொன்ன, வீட்டுல தைக்கிறவன்னு."

"வீட்டுல தைக்கிறவளுக்கு இடுப்பு இல்லையா? எங்கப்பாவைத் தூக்கித் தூக்கி ராத்திரி திரும்பிப் படுக்க முடியல எனக்கு."

"சொன்னாத்தானடி தெரியும்."

"நீ தூங்கிட்டிருந்த, எப்படிச் சொல்றது?"

மாடியக்கா உள்ளறைத் துணி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதியமானா உள்ள போய்ப் படுத்துடுவ. உன் குறட்டை மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேக்கும். எனக்கு ஒரு கண்ணு துணியில, ஒரு கண்ணு உன் வீட்டுக்காரர் மேல. அப்பா இருமினா எழுந்து ஓடணும். ஊசி விரல்ல ஏறியிருக்கு ரெண்டு தடவை, உன்னை எழுப்பல. நான் எப்ப தூங்கினேன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா?"

"நீதான படு படுன்னு சொன்ன."

"சொன்னேன். கண்ணு செருகி வந்து நிக்கறவளை வேற என்ன சொல்றது." தையல்காரி அவளை நேராகப் பார்த்தாள். பிறகு சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நீ தூங்கறதைப் பாத்தா எரிச்சலா வரும்கா."

மாடியக்கா பெயிண்டரை எழுப்பிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் கீழே வரவில்லை. பெயிண்டர் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவள் முட்டை வேகவைத்தாள், துணி அலசினாள், அவருக்கு நகம் வெட்டினாள். கீழேயிருந்து மிஷின் சத்தம் வரும்போதெல்லாம் கை நின்றது. இடத்தைப் பறித்ததை ஒருவிதமாக அவளால் விளங்கிக்கொள்ள முடிந்தது. பசித்தவள் பக்கத்து இலையில் கை வைக்கிறாள், அவ்வளவுதான். விளங்காதது வேறு. நடந்து முடிந்துபோன மதியங்களை எப்படி ஒருத்தியால் திருப்பி எடுத்துக்கொள்ள முடிகிறது? அவளிடம் இருந்த ஒரே செல்வம் அது. இப்போது அதைத் தொட்டால், துணி மூட்டைகளுக்கு நடுவே வாய் பிளந்து கிடக்கிற ஒரு கிழவியும், வாசலில் நின்று அவளை வெறுப்போடு பார்க்கிற ஒருத்தியும்தான் தெரிந்தார்கள். தன் தூக்கத்தைத் தானே வெளியிலிருந்து பார்க்கும்படி ஆகிவிட்டது. இதற்கு அவள் என்னைக் கடைசிவரை ஏமாற்றியிருக்கலாமே என்று நினைத்தாள்.

அவளாகக் கேட்காமல் போனது தப்புதான். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் தன் தப்பை ஒத்துக்கொள்வதால் வலி குறையும் என்று சொன்னவர்கள் யாரோ, அவர்களுக்கு வலித்திருக்காது.

திங்கட்கிழமை காலை அவள் சலவைக்கூடத்துச் சீருடையைப் போட்டுக்கொண்டாள். எதை நம்பிப் போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெயிண்டரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதா என்றுகூட நினைத்துப் பார்த்தாள். சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஆணியிலேயே மாட்டினாள்.

வேன் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு பெயிண்டர் எழுந்த வேகத்தைப் பார்த்து அவள் திகைத்துப்போனாள். மாஸ்க்கை எடுத்தார், மாட்டினார், "ம்" என்றார். அவள் தடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

வேனின் கூரை கழுவப்பட்டுச் சுத்தமாக இருந்தது. டிரைவரும் தையல்காரியும் வாத்தியாரின் நாற்காலியைச் சரிவுப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் நேராக வேனுக்கு அருகில் போய் அதன் பக்கவாட்டைத் தடவினார்.

"யாருய்யா அடிச்சது இது? ஆரஞ்சுத் தோல் மாதிரி நிக்குது."

"கம்பெனியிலேருந்து வந்ததே அப்படித்தான் பெயிண்டரே," என்றான் டிரைவர். "எப்படி இருக்கீங்க? பாத்து எவ்ளோ நாளாச்சு." பிறகு மாடியக்காவைப் பார்த்து, "இன்னிக்கு ஒருத்தர்தான்னு சொன்னாங்கக்கா," என்றான் தயக்கமாக.

"தெரியும்."

"நான் ஏறணும்," என்றார் பெயிண்டர். "வேலைக்கு நேரமாச்சு."

"நாளைக்கு ஏறிக்கலாம், வாங்க."

"நாளைக்கு வேற வண்டி வந்துடும்மா." அவர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிற மனிதன் பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தார். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். உள்ளேயிருந்து வாத்தியார் எல்லோருக்கும் பொதுவாகக் கையசைத்தார். வேன் போய்விட்டது.

மூன்று பேர் வாசலில் நின்றார்கள்.

"இவரை இங்க விட்டுட்டு நீ வேலைக்குப் போக்கா," என்றாள் தையல்காரி. "நான் பாத்துக்கறேன். எனக்கு இப்ப பகல்ல ஒருத்தர்தான. இவர் நடக்கறவர், தூக்க வேண்டியதில்ல."

மாடியக்கா அவளைப் பார்த்தாள். "இதையும் முன்னாடியே நெனச்சு வெச்சிருந்தியா?"

"ஆமா."

"அப்படின்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒத்துக்கிட்டிருப்பேனே."

"ஒத்துக்கிட்டிருக்க மாட்ட. எல்லாம் நீயே சுமக்கணும் உனக்கு. யோசிக்கறேன்னுவ, அதுக்குள்ள வேலை போயிருக்கும், இடமும் போயிருக்கும்."

இருக்கலாம். அதுதான் கொடுமை. நல்ல ஏற்பாடுதான். யார் கேட்டாலும் இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் சொல்வார்கள். அவளைக் கேட்காமல், அவளுக்குப் பின்னால், அவள் சொல்லிக்கொடுத்ததையே எடுத்து அவளுக்கெதிராக வைத்து, கடைசியில் அவளுக்கே நன்மையாக முடித்திருக்கிறாள். இதில் எங்கே நின்று சண்டை போடுவது? வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மாடியில் போய் உட்கார வேண்டும். அந்த வீறாப்போடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெயிண்டர் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையை உயர்த்தினார். அவருக்கு எந்தப் பட்டறையும் ஒன்றுதான்.

மாடியக்கா மாடிக்குப் போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவந்து கொடுத்தாள்.

"சூடு பண்ணிக் குடுங்க," என்றாள். "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

தையல்காரி தூக்கை வாங்கிக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். "சரிங்க," என்றாள் பிறகு.

பேருந்தில் மாடியக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரக் கூடாதென்று பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். இனிமேல் அவளோடு சண்டை போட முடியாது என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்கும் அவரை அவளிடம்தான் விட வேண்டும், நாளை மறுநாளும். கோபித்துக்கொள்ளும் உரிமையைக்கூட அந்தத் தூக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று.

சலவைக்கூடத்தில் வெக்கை அப்படியே இருந்தது. இரைச்சலும் அப்படியே. மேஸ்திரி தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். அவள் நேரே தன் பழைய இடத்துக்குப் போய், உருளையிலிருந்து வந்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். பெரிய விரிப்பு ஒருத்தியால் மடிக்க முடியாதது. ஆளுக்கு ஒரு முனை பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி விலகி என்று இருவராகத்தான் மடிப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. சுவரில் புதிதாக இரண்டு இரும்புக் கொக்கிகள் அடித்திருந்தன.

"ஜோடியெல்லாம் கெடையாது இப்ப," என்று அடுத்த மேசையிலிருந்தவள் சத்தமாகக் கத்தினாள். அவர்களுக்கு நடுவே தரையில் ஒரு கோடு. "கிட்ட வரக்கூடாதாம். அந்தக் கொக்கிதான் உன் ஜோடி. முனையை அதுல மாட்டிட்டு இழு."

"நல்லா நிக்குமா?"

"மனுஷங்களை விட நல்லா நிக்குது. பேசாது, லீவு போடாது." அவள் சிரித்துவிட்டு, "வீட்டுக்காரரை யாரு பாத்துக்கறா? உன் கீழ்வீட்டுத் தங்கச்சியா?" என்று கேட்டாள்.

இரைச்சலில் கேட்காததுபோல இருந்துவிடலாம். மாடியக்கா விரிப்பின் இரண்டு முனைகளையும் கொக்கிகளில் மாட்டினாள்.

"ஆள் இருக்கு," என்றாள்.

பின்னால் நடந்துபோய், துணி விறைத்து நிற்கும்வரை, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தாள்.